தோட்டப் பட்டணத்துக் கார் பட்டறையில் சர்வீஸ் அட்வைசர் வேலை: முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணத்தில் ஒரு தனியார் கார் பட்டறை என்றால் பெரும்பாலும் இரண்டு ஹாய்ஸ்ட் (காரைத் தூக்கும் மேடை), இரண்டு மூன்று போர்மேன் (மெக்கானிக்), முன்னால் ஒரு கவுண்டர், உள்ளே தவுக்கே (முதலாளி). ஈப்போவில் இருக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவு எடுக்க ஒருவர், சாமான் எடுத்துத் தர ஒருவர், காசு வாங்க ஒருவர் என்று தனித்தனி ஆள் இருப்பார்கள். இங்கே அத்தனையும் கவுண்டரில் நிற்கும் சர்வீஸ் அட்வைசரான நீங்கள்தான். அங்கே வாடிக்கையாளருக்கு உங்கள் பெயர் தெரியாது. இங்கே உங்கள் அப்பா எந்தத் தோட்டம் என்பதுவரை தெரியும்.

அதனால் இந்த வேலைக்கு நான் முதலில் வைக்கும் விதி ஒன்றுதான். வண்டிக்காரருக்குத் தெரியாமல், அவர் சரி என்று சொல்லாமல், அவர் வண்டியில் ஒரு புதிய செலவும் ஏறக் கூடாது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த விதியைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

வேலையில் சேரும் முன்

போர்மேனாக இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் எஞ்சின், பிரேக், அப்சர்பர் (குலுக்கலைத் தாங்கும் சாமான்), கியர்பாக்ஸ், பேட்டரி, ஏர்கோன் ஆகிய ஆறும் என்ன வேலை செய்கின்றன, கெட்டுப் போனால் எப்படித் தெரியும் என்று சாதாரண வார்த்தையில் விளக்கத் தெரிய வேண்டும். எஸ்கேஎம் எனும் மலேசியத் தொழில்திறன் சான்றிதழின் வாகனப் பிரிவில் இரண்டாம் நிலை முடித்தவர்களுக்கு இது சுலபமாக வரும். முடிக்காதவர்கள், கூச்சப்படாமல் ஹாய்ஸ்டுக்குப் பக்கத்தில் நின்று கழற்றிய சாமான்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். தேய்ந்த பிரேக் பேடையும் புதுசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் அதை வாடிக்கையாளருக்கு விளக்கும் விதமே வேறு.

மொழி விஷயத்தில் தமிழும் மலாயும் கட்டாயம். சீனக் கிளைமொழியில் நாலு வார்த்தை தெரிந்தால் ஈப்போ ஸ்பேர்பார்ட் கடைக்காரரிடம் பேசுவது சுலபம். சம்பளத்தைப் பொறுத்தவரை, மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் சிறு முதலாளிகளுக்கும் அது அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து பொருந்துகிறது. இபிஎப் (ஓய்வுக்காலச் சேமிப்பு), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) இரண்டும் கட்டுவார்களா என்று சேரும் முன்பே கேளுங்கள். விற்கும் சாமானுக்குக் கமிஷன் தருகிறோம் என்று சொன்னால் நன்றாக யோசியுங்கள். தேவையில்லாத சாமானை ஒருவர் தலையில் கட்டும் ஆசை அங்கேதான் ஆரம்பிக்கிறது. கமிஷன் வேண்டும் என்றால், திரும்பி வராத வேலைகளுக்குக் கொடுங்கள் என்று பேசிப் பாருங்கள்.

நாளைத் திட்டமிடுவது

பதிவுப் புத்தகத்தில் கார்களை எண்ணாதீர்கள், மணி நேரத்தை எண்ணுங்கள். எண்ணெய் மாற்றும் கார் முக்கால் மணியில் வெளியே போய்விடும். கிளட்ச் மாற்றும் கார் பாதி நாளுக்கு ஹாய்ஸ்டைப் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் ‘ஒரு கார்’ என்று எழுதினால் மாலையில் நாலு பேர் வாசலில் நின்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மொத்த நேரத்தில் கால் பங்கையாவது காலியாக விடுங்கள். பழுதான வண்டியைத் தூக்கி வரும் டோ லோரியில் ஏறி வரும் கார் முன்கூட்டியே போன் பண்ணிவிட்டு வருவதில்லை.

தோட்டப் பட்டணத்தின் நேரமே தனி. விடியும் முன் தோட்டத்தில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்பவர்கள் காலை ஒன்பது மணிக்கு வண்டியைக் கொண்டுவர முடியாது. பால்மரம் (ரப்பர்) வெட்டுபவர்களும் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டுபவர்களும் வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு, மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் பட்டணத்துக்கு வருவார்கள். ஆசிரியர்களும் ஆபீஸ்காரர்களும் காலையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய் மாலையில் எடுக்க நினைப்பார்கள். ஆகவே பெரிய வேலைகளைக் காலையில் சாவி கொடுத்தவர்களுக்கு வையுங்கள். இரண்டு மணியிலிருந்து நாலரை வரை ஒரு ஹாய்ஸ்டைத் தோட்டத்துக்காரர்களின் எண்ணெய், பிரேக், டயர் வேலைக்கு ஒதுக்குங்கள். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே பாதி சச்சரவு குறைந்துவிடும்.

மாதத்திலும் ஒரு அலை உண்டு. சட்டப்படி ஒரு மாதச் சம்பளத்தை அடுத்த ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் முதல் வாரம் முடியும்போது பட்டறை நிறையும், கடைசி வாரம் காயும். காய்ந்த வாரத்துக்கு அரசாங்க ஊழியர்களையும் கடைக்காரர்களையும் கூப்பிட்டு வையுங்கள்.

போனில் அழைப்பு வந்தால்

பிளேட் நம்பர், மாடல், எந்த வருடத்து வண்டி, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, என்ன பிரச்சினை. இந்த ஐந்தும் இல்லாமல் போனை வைக்காதீர்கள். வருடம் ஏன் முக்கியம் என்றால், பெரோடுவா கம்பெனியின் ‘மைவி’ என்று ஒரே பெயரில் 2005, 2011, 2017 என மூன்று தலைமுறைக் கார்கள் ஓடுகின்றன. மூன்றாம் தலைமுறையிலேயே 2021இன் கடைசியில் வந்த மாற்றத்துக்குப் பிறகு கியர்பாக்ஸ் சிவிடி (படிப்படியாக மாறாத ஆட்டோ கியர்) ஆகிவிட்டது. பழைய ஆட்டோ கியருக்கு ஊற்றும் எண்ணெய் அதற்கு ஆகாது. சந்தேகம் இருந்தால் கிரான் (வண்டிப் பதிவுப் பத்திரம்) படம் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, சேஸிஸ் நம்பரை வைத்துச் சாமான் கேளுங்கள்.

அடுத்த கேள்வி, வண்டியை ஓட்டி வரலாமா என்பது. பிரேக் மிதித்தால் பெடல் அடிவரை இறங்குகிறது, சிவப்பு எண்ணெய் விளக்கு எரிகிறது, சூட்டு முள் மேலே ஏறிவிட்டது என்ற மூன்றில் எதைச் சொன்னாலும் ஓட்ட வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். “மெதுவா ஓட்டி வாங்க” என்று சொல்லாதீர்கள். சூடேறிய எஞ்சினோடு லிந்தாங் பக்கமிருந்து பட்டணம்வரை ஓட்டி வந்தால், தண்ணீர்க் குழாய் ஒன்றை மாற்றினால் முடிந்திருக்கும் வேலை சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும் வேலை ஆகிவிடும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். முகம் வெந்தவர்களை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

போனிலேயே விலை கேட்பார்கள். எண்ணெய் மாற்றுவது, பேட்டரி போன்றவற்றுக்குச் சொல்லலாம். ‘சத்தம் வருது, எவ்வளவு ஆகும்’ என்பதற்குச் சொல்ல முடியாது. “பார்த்தாத்தான் தெரியும் அண்ணே. பார்க்கிறதுக்கு இவ்வளவு, அப்புறம் வேலை செஞ்சா அதைக் கழிச்சிக்குவோம்” என்று சோதனைக் கட்டணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.

கார் உள்ளே வரும்போது

சாவியை வாங்கி மேசையில் போடுவதற்கு முன் வாடிக்கையாளரோடு சேர்ந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். கீறல், நசுங்கல், கண்ணாடி விரிசல், கிலோமீட்டர், பெட்ரோல் முள் எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள். டோல் கட்டும் டச் அண்ட் கோ கார்டு, டேஷ்கேம், காசு, நகை இருந்தால் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். டேஷ்போர்டில் பிள்ளையார் இருப்பார், கண்ணாடியில் மாலையோ தஸ்பீயோ தொங்கும். அவற்றை எடுக்க வேண்டிய வேலை என்றால் வாடிக்கையாளரையே எடுக்கச் சொல்லுங்கள். போர்மேன் கறுப்புக் கையோடு சாமியைத் தூக்கிப் பின் சீட்டில் போட்டதைப் பார்த்து ஒரு குடும்பமே பட்டறையை மாற்றிக்கொள்ளும். அதில் அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது.

ஸ்டியரிங், சீட், கியர் பிடி மூன்றுக்கும் பிளாஸ்டிக் உறை போடுங்கள். ஸ்பேனர் நடக்கும் இடத்துக்குள், குறிப்பாகத் தூக்கிய காரின் கீழே, வாடிக்கையாளரை விடக் கூடாது. போர்மேன் அவர் மாமன் மகனாகவே இருந்தாலும் சரி.

நோயை எழுதுவது

இந்த வேலையின் பாதி இங்கே இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாடிக்கையாளர் வரும்போதே முடிவோடு வருவார். “அப்சர்பர் போயிருச்சும்மா, மாத்திடு” என்பார். லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருப்பார். அதை அப்படியே போர்மேனுக்குக் கொடுக்கும் வேலைச் சீட்டில் ‘அப்சர்பர் மாற்றவும்’ என்று எழுதினால், போர்மேன் மாற்றுவார், காசு வாங்குவீர்கள், சத்தம் அப்படியே இருக்கும். மாற்றுவதை எழுதாதீர்கள், அவர் கேட்டதையும் உணர்ந்ததையும் எழுதுங்கள். பேச்சு இப்படிப் போகலாம்:

“மாமா, சத்தம் எப்ப கேக்குது? நின்னுகிட்டு இருக்கும்போதா, ஓட்டும்போதா?”

“ஓட்டும்போதுதான்மா. ஸ்டோர் தாண்டி அந்த மண்ரோட்டுல.”

“ஸ்டியரிங்க முழுசா ஒடிக்கும்போது கேக்குதா?”

“இல்ல, நேரா போகும்போதுதான். பம்ப்புல ஒரு சக்கரம் ஏறி எறங்குனா டக்குன்னு கேக்கும். லெப்டு பக்கம்.”

“மழை பேஞ்சா கூடுதா?”

“அத கவனிக்கலயே.”

இப்போது சீட்டில் எழுத வேண்டியது: ‘நேராக ஓட்டும்போது, ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறி இறங்கினால் இடது முன்பக்கம் டக் என்று ஒரு சத்தம். ஸ்டியரிங் ஒடித்தால் இல்லை.’ இதைப் படித்த போர்மேன் அப்சர்பரைத் தொடும் முன் ஸ்டபிலைசர் லிங்க் என்ற சின்ன இணைப்புக் கம்பியை ஆட்டிப் பார்ப்பார். இரண்டுக்கும் விலையில் பெரிய இடைவெளி உண்டு.

அடிக்கடி வரும் சில சத்தங்களை நீங்கள் தெரிந்துவைத்திருந்தால் சரியான கேள்வி வாயில் வரும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து நகரும்போது ‘டிக் டிக் டிக்’ என்றால் டிரைவ் ஷாஃப்ட் மூட்டு. வேகம் கூடக்கூட ‘ஊ’ என்று ஏறும் இரைச்சல் என்றால் சக்கர பேரிங், சில நேரம் டயரே. 90, 100 வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் முதலில் சக்கர பேலன்ஸ். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க். காலையில் முதல் ஸ்டார்ட்டில் கிறீச்சிட்டு அடங்கினால் பெல்ட். ஆனால் இவை கேள்வி கேட்பதற்கு மட்டும். கவுண்டரில் நின்றுகொண்டு ‘இதுதான் கோளாறு’ என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். நீங்கள் சொன்னது ஒன்று, போர்மேன் கண்டது வேறு என்றால் வாடிக்கையாளர் இருவரையும் நம்ப மாட்டார். முடிந்தால் போர்மேனையும் வாடிக்கையாளரையும் ஒரே காரில் ஏற்றி, சத்தம் வரும் ரோட்டுக்கே அனுப்புங்கள். பட்டணத்துத் தார் ரோட்டில் வராத சத்தம் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் வரும்.

தோட்டத்து வண்டிகளுக்கே உரிய சில கோளாறுகள் உண்டு. காய்ந்த மாதங்களில் காற்று வடிகட்டி சீக்கிரமே அடைத்துவிடும், புத்தகம் சொல்லும் கிலோமீட்டர் வரை காத்திருக்க முடியாது. பால் ஜாயிண்ட், லோவர் ஆர்ம் புஷ், டை ராட் மூன்றும் பட்டணத்து வண்டியைவிட முன்னதாகப் போகும். அப்புறம் எலி. செம்பனைத் தோட்டத்தில் எலியை அடக்க ஆந்தைக்குக் கூண்டு வைத்து வளர்ப்பதே இந்த நாட்டு வழக்கம் என்றால் எவ்வளவு எலி என்று பார்த்துக்கொள்ளுங்கள். லயத்துப் பக்கம் நிறுத்திய காரில் திடீரென எஞ்சின் விளக்கு எரிந்தால், விலை உயர்ந்த சென்சாரைப் பற்றிப் பேசும் முன் வயரை எலி கடித்திருக்கிறதா என்று பார்க்கச் சீட்டில் எழுதுங்கள்.

விலை சொல்வது

போர்மேன் பார்த்து முடித்ததும் நீங்கள் மதிப்பீடு தயாரிக்கிறீர்கள். எழுத்தில்தான், வாட்ஸ்அப் ஆனாலும் எழுத்து எழுத்துதான். மலேசியாவில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பட்டறைகள் தகவலை வெளிப்படையாகத் தர வேண்டும் என்பதற்காகவே 2002இல் தனி விதிமுறைகள் கொண்டுவந்தார்கள். சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டாம். எழுதிக் கொடுத்தால் உங்களுக்கே நிம்மதி.

கண்டுபிடித்த எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகக் கொட்டினால் மனிதர் மிரண்டுவிடுவார். மூன்றாகப் பிரியுங்கள். இன்றே செய்ய வேண்டியது: பிரேக், டயர், ஸ்டியரிங் மூட்டு, எண்ணெய் ஒழுகல் போல உயிருக்கோ எஞ்சினுக்கோ ஆபத்தானது. அடுத்த சர்வீஸுக்குள் செய்ய வேண்டியது. கடைசியாக, இப்போதைக்கு விடலாம், ஆனால் கவனியுங்கள் என்பது. பயமுறுத்தி மூன்றாவதை முதலாவதில் சேர்ப்பவர்களை நான் மன்னிக்க மாட்டேன். நாளுக்குக் கணக்குப் பார்த்து வாழும் குடும்பத்தின் காசு அது.

சாமானின் தரத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். ஒரிஜினல், ஓஇஎம் (கார் கம்பெனிக்குச் சாமான் செய்பவரே தன் பெயரில் விற்பது), மலிவான நகல், பழைய காரைப் பிரித்து விற்கும் பொத்தோங் கடையிலிருந்து வரும் பழைய சாமான் என்று நாலு வகை உண்டு. கதவுக் கண்ணாடி, பம்பர், டேஷ்போர்டு சாமான்களைப் பொத்தோங் கடையில் எடுப்பதில் தப்பில்லை, நானே சொல்வேன். பிரேக் சாமானையும் டைமிங் பெல்ட்டையும் பழசாக எடுப்பதற்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். எந்த வகை போடுகிறோம் என்று மதிப்பீட்டிலும் பில்லிலும் ஒரே மாதிரி எழுதியிருக்க வேண்டும்.

கூடவே வரும் வேலையை ஒளிக்காதீர்கள். லோவர் ஆர்ம், டை ராட் மாற்றினால் அலைன்மெண்ட் செய்ய வேண்டும். உங்கள் பட்டறையில் மெஷின் இல்லை, டயர் கடைக்கு அனுப்புவீர்கள் என்றால் அந்தக் காசையும் சேர்த்துச் சொல்லுங்கள். டைமிங் பெல்ட் மாற்றும்போது டென்ஷனரையும் வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றச் சொல்வது ஏன் என்று விளக்குங்கள்: பிறகு தனியாக மாற்றினால், இரண்டையும் எட்டுவதற்கு அதே கூலியை மறுபடியும் கொடுக்க வேண்டியிருக்கும். புரோட்டோன் வீரா, பழைய சாகா கார் வைத்திருப்பவருக்கு டைமிங் பெல்ட் உண்டு. அதைப் பார்த்துப் பயந்து வரும் மைவிக்காரருக்கு, அவர் எஞ்சினில் பெல்ட் இல்லை, செயின் இருக்கிறது, பெல்ட் போல கிலோமீட்டர் கணக்கில் மாற்றத் தேவையில்லை என்று சொல்லி அனுப்புங்கள். அன்று ஒரு வேலை போகலாம், ஆனால் அந்த வீட்டில் இருக்கும் மற்ற வண்டிகள் வரும்.

செய்தி இப்படி இருக்கலாம், விலை வெறும் உதாரணத்துக்கு (வெள்ளி என்பது ரிங்கிட்):

“வணக்கம் அண்ணே. உங்க மைவி பார்த்தாச்சு. இன்னைக்கே செய்ய வேண்டியது: முன் பிரேக் பேட், ரொம்ப தேஞ்சிருக்கு, படம் அனுப்பியிருக்கேன். ஓஇஎம் சாமான் 110, கூலி 40, மொத்தம் 150 வெள்ளி. அடுத்த சர்வீஸ்குள்ள: இடது ஸ்டபிலைசர் லிங்க், சத்தம் அதுலதான். 95 வெள்ளி கூலியோட. பின் டயர் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். எதெல்லாம் செய்யலாம்னு சொல்லுங்க. நீங்க சொல்ற வரைக்கும் கை வைக்க மாட்டோம்.”

வேலை நடுவில் புதிதாக ஒன்று கண்டுபிடித்தால் வேலையை நிறுத்தி, படம் எடுத்து, போன் பண்ணுங்கள். எடுக்கவில்லை என்றால் காத்திருங்கள். ஹாய்ஸ்ட் அடைபடுகிறது என்று தவுக்கே கோபப்படுவார். அந்தக் கோபத்தை நீங்கள் தாங்கிக்கொள்ளுங்கள்.

காசு கொடுப்பவர் வேறு ஒருவர் என்றால்

இது எங்கள் ஊர்களில் தினமும் நடப்பது. காரைக் கொண்டுவருபவர் தோட்டத்தில் ஓய்வு பெற்ற அப்பா. காசு அனுப்பும் மகன் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ வேலை செய்கிறார். அப்பா “எல்லாத்தையும் செஞ்சிடு” என்பார், மகன் இரவு போன் பண்ணி “யாரக் கேட்டு செஞ்சீங்க” என்பார்.

சீட்டில் இரண்டு பெயர் எழுதுங்கள்: வண்டியைக் கொண்டுவந்தவர், செலவுக்குச் சரி சொல்ல வேண்டியவர். ஆனால் அப்பாவைத் தாண்டி நேராக மகனோடு பேசிவிடாதீர்கள். “ஐயா, தம்பிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடவா?” என்று அவரிடம் கேட்டுவிட்டு, அவர் முன்னாலேயே அனுப்புங்கள். கோளாறை அப்பாவிடம்தான் விளக்க வேண்டும், ஓட்டுவது அவர்தான். விலையை இருவருக்கும் ஒரே மாதிரி சொல்லுங்கள்.

கடன் கேட்பவர்களுக்குப் பட்டறைக்கு ஒரே விதி இருக்க வேண்டும், அதைத் தவுக்கே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். உங்கள் விருப்பத்துக்கு ஒருவருக்குக் கொடுத்து ஒருவருக்கு மறுத்தால் கோயில் திருவிழாவரை அந்தப் பேச்சு போகும். கடனைவிட நல்ல வழி, வேலையைப் பிரிப்பது: ஆபத்தானதை இன்று, மற்றதை அடுத்த சம்பளத்துக்குப் பிறகு. தேதி போட்டுப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். தனியாக வரவழைக்க வேண்டிய சாமானுக்கு முன்பணம் வாங்கி ரசீது கொடுங்கள்.

வேலை நடக்கும்போது

அவர்கள் போன் பண்ணும் முன் நீங்கள் பண்ணுங்கள். அவ்வளவுதான் இந்தப் படி. சாமான் ஈப்போவிலிருந்து வர வேண்டும் என்றால் கடையின் அனுப்பும் நேரத்தைத் தெரிந்துவைத்து அதற்குமுன் ஆர்டர் கொடுங்கள். தாமதம் என்று தெரிந்த நிமிடத்திலேயே சொல்லுங்கள். “இன்னும் கொஞ்ச நேரம்” என்பது பதில் இல்லை. “சாமான் நாலு மணிக்கு வரும், வண்டி நாளைக்குக் காலை பத்து மணிக்கு” என்பதுதான் பதில். தோட்டத்துக்குக் கடைசி பஸ் எப்போது என்பதையும் நினைவில் வையுங்கள். வண்டி தயாராகாது என்று ஆறு மணிக்குச் சொன்னால் ஒரு பெரியம்மா எப்படி வீட்டுக்குப் போவார்?

சாவியைத் திருப்பித் தரும்போது

போர்மேன் முடித்தேன் என்று சொன்னதும் வாடிக்கையாளரைக் கூப்பிடாதீர்கள். முதலில் சீட்டை எடுத்து, அவர் சொன்ன குறை போயிற்றா என்று அதே மாதிரி ரோட்டில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சக்கர நட்டு டார்க் ரெஞ்சில் இறுக்கினார்களா, எண்ணெய் அளவு சரியா, எஞ்சின் மேல் துணியோ ஸ்பேனரோ கிடக்கிறதா என்று பாருங்கள்.

கழற்றிய பழைய சாமான்களைப் புதுசின் பெட்டியிலேயே போட்டு வைத்திருந்து காட்டுங்கள். வேண்டும் என்றால் கொடுத்துவிடுங்கள். கழிவு எண்ணெய் மட்டும் வேறு. வேலிக் கம்பத்தில் கறையான் ஏறாமல் பூசுவதற்கு ஒரு போத்தல் கேட்பார்கள், பல காலத்துப் பழக்கம். ஆனால் கழிவு எண்ணெய் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அட்டவணைக் கழிவு, அதாவது ஆபத்தானது என்று பட்டியலிட்ட கழிவு. அனுமதி உள்ளவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். மண்ணில் கசிந்தால் கிணற்றுக்கும் ஆற்றுக்கும் போகும் என்று சொல்லி அன்பாக மறுத்துவிடுங்கள்.

பில்லை வரிவரியாக வாசித்துக் காட்டுங்கள், மதிப்பீட்டைப் பக்கத்தில் வைத்து. சாமானுக்கு எத்தனை மாதம் உத்தரவாதம், கூலிக்கு எத்தனை மாதம் என்று பில்லிலேயே எழுதுங்கள். அடுத்த எண்ணெய் எப்போது என்ற ஸ்டிக்கரில் கிலோமீட்டரும் தேதியும் இரண்டும் வேண்டும். மினரல் எண்ணெய் 5,000, ஃபுல்லி சிந்தடிக் 10,000 என்பது பொதுவான பழக்கம். வாரத்துக்கு ஒருமுறை சந்தைக்கு மட்டும் ஓடும் வண்டி அந்தக் கணக்கை எட்டவே எட்டாது, அதற்கு ஆறு மாதம் என்ற தேதிதான் பேசும்.

கோபத்தோடு திரும்பி வருபவர்

“நேத்துதான் செஞ்சீங்க, இன்னைக்கும் அதே சத்தம்!” என்று வருபவரிடம் முதலில் பில் கேட்காதீர்கள். “உக்காருங்க அண்ணே, வண்டியப் பார்ப்போம்” என்று சொல்லி, வரிசையில் உள்ளவற்றை நிறுத்திவிட்டு அந்த வண்டியை ஏற்றுங்கள். பழைய சீட்டில் எழுதிய குறையும் இப்போது சொல்வதும் ஒன்றா வேறா என்று பாருங்கள். ஒன்று என்றால் கூலி வாங்காமல் செய்து கொடுங்கள், மன்னிப்பும் கேளுங்கள். வேறு என்றால் இரண்டையும் காட்டி, போர்மேனையே விளக்கச் சொல்லுங்கள். கூட்டத்தின் முன் வாதாடாதீர்கள். ஒதுக்குப்புறமாகப் பேசினால் பாதிக் கோபம் தணியும்.

அப்படியும் தீராவிட்டால் அவருக்கு உள்ள வழியை மறைக்க வேண்டாம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே அவர் கொண்டுபோகலாம். உங்கள் சீட்டும் படமும் வாட்ஸ்அப் சம்மதமும் ஒழுங்காக இருந்தால் நீங்களும் தைரியமாகப் போய் நிற்கலாம்.

மோதிய கார்

விபத்துக் கார் வந்தால் முதல் கேள்வி போலீஸ் ரிப்போர்ட். 24 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். இன்சூரன்ஸில் கோர விரும்பினால், பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்றுக்கொண்ட பட்டியலில் உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டியிருக்கும். உங்கள் பட்டறை அதில் இல்லை என்றால், ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றும் முன் அதைச் சொல்லி, இன்சூரன்ஸ் கம்பெனிக்கே போன் பண்ண வையுங்கள். தெரியாத டோ லோரிக்காரரிடம் எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அதிர்ச்சியில் இருப்பவருக்கு ஒரு தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததே.

வாயைக் காப்பது

சின்னப் பட்டணத்தில் பட்டறை வாசலில் நிற்கும் கார் எல்லோருக்கும் தெரிந்த கார். “கிராணி வண்டிக்கு என்னாவாம்? எவ்வளவு ஆச்சாம்?” என்று கேட்பார்கள். யாருடைய வண்டிக்கும் என்ன கோளாறு, எவ்வளவு பில், யார் காசு பாக்கி என்பதை வேறு ஒருவரிடமும் சொல்லக் கூடாது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், போன் நம்பரும் வீட்டு முகவரியும் உள்ள சீட்டுகளைக் கவுண்டரில் பரப்பி வைக்காதீர்கள். வாடிக்கையாளர் காரைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவது என்றால் கேட்டுவிட்டு, பிளேட் நம்பரை மறைத்துப் போடுங்கள்.

தீபாவளிக்கு முந்திய மூன்று வாரம்

ஆண்டின் கடுமையான காலம் இதுதான். நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு முன்பும் இதே நெரிசல் வரும். தூரத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் வருவார்கள், இங்கிருப்பவர்கள் புறப்படுவார்கள், எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வண்டி வேண்டும். சாமான் கடைகளும் லீவு விடும். மூன்று வாரத்துக்கு முன்பே பழைய வாடிக்கையாளர் பட்டியலை எடுத்து, சர்வீஸ் தேதி நெருங்குபவர்களுக்குப் போன் பண்ணுங்கள். அப்போதே வரவழைத்தால் சாமானும் கிடைக்கும், போர்மேனுக்கும் நேரம் இருக்கும்.

தூரப் பயணம் போகும் வண்டிக்கு டயர் ஐந்தையும் பாருங்கள், ஐந்தாவது ஸ்பேர். தேய்வு மட்டும் இல்லை, டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் கடைசி நாலு எண்ணையும் பாருங்கள், முதல் இரண்டு எண் தயாரித்த வாரத்தைக் காட்டும், அடுத்த இரண்டு எண் வருடத்தைக் காட்டும். பிரேக் எண்ணெய், ரேடியேட்டர் தண்ணீர், வைப்பர், விளக்குகள், பேட்டரி. நம் சூட்டுக்குப் பேட்டரி இரண்டு வருடம் தாண்டினாலே சோதித்துவிடுவது நல்லது. கடைசி இரண்டு நாளுக்குப் பெரிய வேலை எதையும் ஏற்காதீர்கள். கியர்பாக்ஸைத் திறந்துவிட்டு ஒரு சாமான் வராமல் போனால் அந்தக் குடும்பம் பண்டிகைக்கு ஊருக்குப் போக முடியாது. அப்படிக் கேட்டு வருபவரிடம் இப்போது முடியாது என்று காரணத்தோடு சொல்லி, பண்டிகை முடிந்த மறுவாரத்தின் முதல் நாளில் அவர் பெயரை எழுதி, நேரத்தையும் அவரிடம் சொல்லி அனுப்புங்கள்.